மூன்று மில்லிமீட்டர் பொறுமை

கோல்ட் எம்1911 கைத்துப்பாக்கியைப் பிரித்து ஒரு துணிமேல் பரப்பிவைத்தால், பார்ப்பவர் கண்ணில் கடைசியாகப் படுகிற பாகம் ஒன்று உண்டு. இரண்டு துளையிட்ட சின்னஞ்சிறு எஃகுத் துண்டு. துளைகளின் மையங்களுக்கு இடையே சுமார் 7 மில்லிமீட்டர்தான் இருக்கும். லிங்க் என்று அதற்குப் பெயர். குழலின் அடிவயிற்றில் ஒரு சின்ன ஊசியில் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். விரலால் தொட்டால் முன்னும் பின்னும் ஆடும். பளபளப்பு இல்லை, வேலைப்பாடு இல்லை, கவனத்தை இழுக்கும் எதுவுமே இல்லை. ஆனாலும் அந்தத் துப்பாக்கி முழுவதிலும் என் மனம் போய் ஒட்டிக்கொள்ளும் இடம் அதுதான். ஒரு வெடியின் முரட்டு உதையைக் கைபிடித்து நிறுத்தி, கொஞ்சம் பொறு என்று சொல்லி, சரியான தருணத்தில் விடுவிக்கிற வேலை அதனுடையது.

அந்தப் பொறுமையின் அழகைத்தான் உங்களோடு சேர்ந்து இன்னொரு முறை பார்க்க ஆசைப்படுகிறேன்.

முதலில் உதையிலிருந்தே தொடங்கலாம். துப்பாக்கி சுட்டால் பின்னுக்கு உதைக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. பத்தாம் வகுப்புப் பாடத்தில் நியூட்டனின் மூன்றாம் விதிக்கு அடுத்த வரியிலேயே துப்பாக்கி வந்து நின்றுவிடும். அந்த வரியைப் படித்துவிட்டு நாம் கடந்துபோய்விட்டோம். ஆனால் அதன் எண்களை ஒருமுறை எடுத்து வைத்துப் பாருங்கள், எவ்வளவு நேர்த்தியான கணக்கு அது என்று புரியும். எம்1911 சுடுகிற .45 ஏசிபி தோட்டாவின் குண்டு ஏறத்தாழ 15 கிராம் எடை. குழலைவிட்டு நொடிக்குச் சுமார் 250 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. எடையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது உந்தம். அதோடு, குண்டின் பின்னாலேயே சீறி வெளியேறும் வாயுவின் சிறு பங்கையும் சேர்த்தால், கிலோகிராம்-மீட்டர் கணக்கில் நொடிக்கு 4 என்று வைத்துக்கொள்ளலாம். முன்னே போனது 4 என்றால் பின்னே வரவேண்டியதும் 4. ஒரு துளி கூடாது, ஒரு துளி குறையாது. இயற்கை கணக்கு முடிக்கும் இந்த நேர்மை எனக்கு என்றுமே பிடிக்கும்.

ஆனால் உந்தத்தைச் சரிசமமாகப் பிரித்துக் கொடுக்கிற அதே இயற்கை, ஆற்றலைப் பிரிக்கும்போது காட்டுகிற கருணையைக் கவனியுங்கள். தோட்டாக்கள் நிரப்பிய துப்பாக்கி 1.2 கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும். அதே உந்தத்தை வாங்கிக்கொண்டு அது நொடிக்கு 3 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான வேகத்தில்தான் பின்னுக்கு வரும். குண்டு சுமந்து செல்லும் ஆற்றல் ஏறத்தாழ 465 ஜூல். சுடுபவரின் கைக்கு வருவதோ 7 ஜூல் அளவு. அறுபது பங்குக்கும் மேல் வித்தியாசம்! உந்தம் வேகத்தின் போக்கில் கூடும்; ஆற்றலோ வேகத்தின் இருமடிப்படி கூடும். அந்த ஒரு இருமடி, சுடுபவரின் மணிக்கட்டைக் காப்பாற்றிவிடுகிறது. எடை குறைந்ததற்கு வேகத்தையும் ஆற்றலையும் அள்ளிக் கொடுத்து, எடை மிகுந்ததற்கு வெறும் அசைவை மட்டும் கொடுக்கும் இந்தப் பங்கீடு இல்லாவிட்டால், கையில் பிடித்துச் சுடும் துப்பாக்கி என்ற ஒன்றே உலகத்தில் இருந்திருக்காது.

அந்த 7 ஜூல் ஆற்றலை வீணாக்காமல் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் உருப்பெற்றது. லண்டனில் ஹைரம் மாக்சிம் 1884-இல், சுட்ட உதையாலேயே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கிக் காட்டினார். அது வண்டியில் ஏற்றி இழுக்கிற கனத்த கருவி. அதே தந்திரத்தை ஒரு உள்ளங்கைக்குள் அடக்குவது வேறு கலை. ஜெர்மனியில் போர்ஷார்ட் 1893-இல் செய்த கைத்துப்பாக்கியும், அதைச் செதுக்கிச் செம்மையாக்கிய லூகர் துப்பாக்கியும் முழங்கால் மூட்டு மடங்கும் அழகில் அதைச் சாதித்தன. லூகர் சுடும்போது அந்த மூட்டு மேலெழும்பி மடங்கி நிமிர்வதைப் பார்க்கக் கண்கொள்ளாது. ஆனால் உலகம் கடைசியில் சுவீகரித்துக்கொண்டது இன்னொருவருடைய கைவேலையை.

ஜான் மோசஸ் பிரவுனிங் 1855-இல் யூட்டாவின் ஆக்டன் நகரில் பிறந்தவர். அப்பாவும் துப்பாக்கிக் கொல்லர். பட்டறையிலேயே வளர்ந்த கை அவருடையது. பெல்ஜியத்தின் ஏர்ஸ்டால் நகரில் உள்ள எஃப்.என். ஆலைக்காக 1900-இல் வெளிவந்த அவரது சிறு கைத்துப்பாக்கியில் பூட்டு என்று எதுவும் கிடையாது. ஸ்லைடு என்று சொல்கிற, குழலுக்கு மேலே முன்னும் பின்னும் ஓடும் எஃகு உறையின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே தடுப்பு. சிறு தோட்டாவுக்கு அது போதும். உதை மெலிசாக இருப்பதால், ஸ்லைடு மெல்ல நகர்ந்து திறப்பதற்குள் குண்டு வெளியே போய்விடும். பெரிய தோட்டாவுக்கு இந்த வித்தை பலிக்காது. .45 தோட்டா வெடிக்கும்போது அறைக்குள் எழும் உச்ச அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் ஏறத்தாழ 1,400 மடங்கு வரை போகலாம். அந்த அழுத்தம் இருக்கும்போதே கதவு திறந்துவிட்டால், மெல்லிய பித்தளைக் கூடு தாங்காமல் பிளந்துவிடும். எடையை மட்டும் நம்பினால், ஸ்லைடை மிகவும் கனமாக்க வேண்டியிருக்கும்.

இங்கேதான் பிரவுனிங்கின் மேதைமை மலர்கிறது. அவர் குழலையும் ஸ்லைடையும் ஒன்றோடொன்று பிணைத்துவிட்டார். குழலின் மேல்முதுகில் குறுக்காக ஓடும் இரண்டு வரம்புகள். ஸ்லைடின் உள்கூரையில் அவற்றுக்கு அச்சாகப் பொருந்தும் இரண்டு பள்ளங்கள். துப்பாக்கி மூடியிருக்கும்போது குழல் பின்பக்கம் சற்றே உயர்ந்து நின்று, வரம்புகள் பள்ளங்களுக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். வெடிமருந்து எரிகிறது. வாயு பித்தளைக் கூட்டின் அடியைத் தள்ளுகிறது. கூடு ஸ்லைடைத் தள்ளுகிறது. அதே நேரத்தில் குண்டு குழலின் திருகுவரிகளில் உராய்ந்து முன்னேறும்போது குழலைத் தன்னோடு முன்னே இழுக்கப் பார்க்கிறது. ஸ்லைடு பின்னே போக விரும்புகிறது, குழல் முன்னே போக விரும்புகிறது, நடுவில் அந்த இரண்டு வரம்புகளும் இருவரையும் விடாமல் பிடித்துக்கொள்கின்றன. எதிரெதிர் ஆசைகளைத் தோளில் தாங்கிக்கொண்டு நிற்கும் அந்த இரண்டு வரம்புகளின் உயரம் ஒரு மில்லிமீட்டர் கணக்கில்தான் இருக்கும் என்பதை நினைத்தால் மனம் நெகிழ்கிறது.

பிணைந்த இருவரும் சேர்ந்து பின்னே நகரத் தொடங்குகிறார்கள். இந்த நகர்வைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்து வியக்கிறேன்.

குழலும் ஸ்லைடும் சேர்ந்தால் ஏறக்குறைய அரை கிலோ. குண்டு 15 கிராம். அதாவது குண்டைப்போல முப்பத்து மூன்று மடங்கு. இரண்டும் ஒரே வாயுவால், ஒரே கணத்தில், எதிரெதிர்த் திசையில் தள்ளப்படுகின்றன. ஆகவே குண்டு போகிற தூரத்தில் முப்பத்து மூன்றில் ஒரு பங்குதான் ஸ்லைடு பின்னே வரும். குண்டு குழலுக்குள் பயணம் செய்யும் நீளம் 11 சென்டிமீட்டர் அளவு. அதைப் பங்கிட்டுப் பாருங்கள். குண்டு வாயைவிட்டு வெளியேறும் அந்தத் துல்லியமான கணத்தில், ஸ்லைடு வெறும் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேலே நகர்ந்திருக்கும். ஒரு நெல்மணியின் பாதி நீளம்கூட இருக்குமா என்பது சந்தேகம். அந்த மூன்று மில்லிமீட்டர் வரையிலும் பூட்டு அவிழவே கூடாது. அதைத் தாண்டியபின் அவிழ்ந்தே ஆகவேண்டும்.

இப்போது கொஞ்சம் நின்று யோசியுங்கள். இந்தக் கணக்கில் எங்கேயாவது நேரம் வந்ததா? வெடிமருந்து வேகமாக எரிந்ததா, மெதுவாக எரிந்ததா என்ற கேள்வி வந்ததா? வரவில்லை. குண்டின் எடை, ஸ்லைடின் எடை, குழலின் நீளம், இவை மூன்றுமே போதுமானவை. மருந்து வீரியமாக இருந்தால் குண்டு வேகமாகப் போகும், ஸ்லைடும் அதே விகிதத்தில் வேகமாக வரும். மருந்து சோர்ந்திருந்தால் இரண்டும் சோர்ந்து நகரும். எப்படியானாலும் குண்டு வெளியேறும்போது ஸ்லைடு நிற்கும் இடம் மாறாது. பிரவுனிங் தன் பூட்டை நேரத்தால் அளக்கவில்லை, தூரத்தால் அளந்தார். ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாத அந்த நிகழ்வை, எந்தக் கடிகாரமும் எட்டிப்பிடிக்க முடியாத வேகத்தில் நடக்கும் அதை, ஒரு கோலின் நீளத்தை அளக்கிற எளிமையோடு அவர் அளந்துவிட்டார். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குப் பேச்சு அடங்கிவிடும். இயற்பியலில் உள்ள ஒரு விதியை அறிந்திருப்பது அறிவு. அந்த விதியே தனக்குக் காவல்காரனாக நிற்கும்படி ஒரு பொருளை வடித்துவைப்பது கலை.

தூரத்தை அளக்கிற கோல் எது? முதலில் சொன்ன லிங்க்தான். அதன் மேல்துளை குழலோடு, கீழ்த்துளை ஃபிரேமில் குறுக்காகப் பாயும் ஓர் ஊசியோடு. ஃபிரேம் கையில் இருக்கிறது, அசையாது. குழல் பின்னே வர வர, லிங்க் தன் கீழ்த்துளையை மையமாக வைத்து ஒரு சிறு வில் வரைந்து சாய்கிறது. வில்லின் தொடக்கத்தில் குழல் கிட்டத்தட்ட நேராகவே பின்னே போகும். இறக்கம் மிகச் சொற்பம். வில் வளர வளர இறக்கம் கூடிக்கொண்டே போகும். ஒரு வட்டத்தின் உச்சியில் சரிவு குறைவு, விளிம்பில் சரிவு அதிகம் என்ற மிக எளிய வடிவியல்தான். ஆனால் அந்த வடிவியல் எவ்வளவு கனிவாக இங்கே வேலை செய்கிறது! பொறுக்க வேண்டிய மூன்று மில்லிமீட்டரில் பொறுத்து, இறங்க வேண்டிய அடுத்த சில மில்லிமீட்டரில் குழலின் பின்பக்கத்தைக் கீழே இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. வரம்புகள் பள்ளங்களிலிருந்து நழுவுகின்றன. குழல் ஃபிரேமில் முட்டி நிற்கிறது. ஸ்லைடு விடுதலை பெற்றுத் தனியாகப் பின்னே ஓடுகிறது. அழுத்தம் அதற்குள் காற்றோடு கலந்து போயிருக்கும்.

பிரவுனிங் இதை ஒரே மூச்சில் அடைந்துவிடவில்லை என்பதும் எனக்குப் பிடித்த செய்தி. 1897-இல் அவர் பெற்ற காப்புரிமையிலும், அதன்வழி கோல்ட் நிறுவனம் 1900-இல் வெளியிட்ட துப்பாக்கியிலும் லிங்குகள் இரண்டு. குழலின் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. குழல் கிடைமட்டமாகவே, இணைகோடு கலையாமல் கீழே இறங்கும். வேலை நடந்தது. ஆனால் ஸ்லைடு பின்பக்கமாகக் கழன்று வரும் அமைப்பு அது. முன்னே குறுக்காகச் செருகிய ஓர் ஆப்பு மட்டுமே அதைத் தடுத்து நின்றது. பத்தாண்டுகள் அவர் அந்த வடிவத்தை மனதில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் முன் லிங்கை எடுத்துவிட்டார். குழலின் வாயை ஒரு வளையத்தில் உட்கார வைத்து, அங்கேயே அசையவிட்டு, பின்பக்கத்தை மட்டும் சாயவிட்டார். ஸ்லைடும் இனி முன்பக்கமாகத்தான் கழலும். சுடுபவரின் முகத்தை நோக்கி அது வரவே முடியாது. ஒன்றைச் சேர்த்து மேம்படுத்துவோர் பலர். ஒன்றைக் கழித்து மேம்படுத்தும் துணிவு அரிது.

அமெரிக்க ராணுவம் 1911 மார்ச்சில் வைத்த கடைசிச் சோதனையில் அந்தத் துப்பாக்கி 6,000 தோட்டாக்களைச் சுட்டது. கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறும்போது தண்ணீரில் முக்கி ஆறவைத்துத் தொடர்ந்து சுட்டார்கள். ஆறாயிரம் முறையும் அந்தச் சிறு லிங்க் தன் வில்லை வரைந்து, வரைந்து மீண்டது. அதே மாதம் 29-ஆம் தேதி ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது.

பூட்டு அவிழ்ந்த பிறகு என்ன நடக்கிறது என்பது இன்னொரு நயம். ஸ்லைடு தனியாகப் பின்னே ஓடும்போது எத்தனை வேலைகளை வழியிலேயே முடித்துக்கொண்டு போகிறது பாருங்கள். தன்னிடமுள்ள கொக்கியால் வெற்றுக்கூட்டைப் பிடித்து இழுக்கிறது. ஃபிரேமில் நிலையாக நிற்கும் ஒரு முனையில் கூடு இடித்து வலப்பக்கம் பறந்து விழுகிறது. சுடும் ஊசியை அடிக்கும் ஹேமர் பின்னுக்குச் சாய்ந்து அடுத்த அடிக்குத் தயாராகிறது. குழலின் கீழே உள்ள ஸ்பிரிங் சுருங்கி ஆற்றலைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. திரும்பி வரும்போது மேகசினின் மேல்தோட்டாவைத் தள்ளி அறைக்குள் ஏற்றி, குழலை மறுபடி மேலே தூக்கி, வரம்புகளைப் பள்ளங்களில் உட்கார்த்தி மூடிவிடுகிறது. இத்தனையும் ஏறத்தாழ ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கில். வெளியிலிருந்து ஒரு துளி ஆற்றலும் இதற்குத் தேவையில்லை. குண்டுக்குக் கொடுத்தது போக மிஞ்சிய அந்தச் சொற்ப உதையிலேயே ஒரு முழுக் குடும்பத்தின் வேலையும் நடந்துவிடுகிறது.

ஹேமரைச் சாய்க்கும் இடத்தில் கொஞ்சம் தங்கலாம். ஸ்லைடின் பின்முனையில், சுடும் ஊசியைப் பிடித்திருக்கும் சிறு தகடு ஒன்று உண்டு. அதன் கீழ்விளிம்புதான் ஹேமரைப் பின்னுக்குத் தள்ளுவது. அந்த விளிம்பின் வளைவு எவ்வளவு என்பதில் ஒரு ரகசியம் இருக்கிறது. வளைவு குறைந்து, விளிம்பு கூராக இருந்தால், அது ஹேமரின் அச்சுக்குப் பக்கத்தில் தள்ளும். நெம்புகோலின் நீளம் குறைவு, ஆகவே தள்ளுவது கடினம். ஸ்லைடு கிளம்பும்போதே கொஞ்சம் தயங்கும். வளைவு பெரிதாக இருந்தால் ஹேமர் இலகுவாகச் சாயும்; ஸ்லைடு துள்ளிக் கிளம்பும். அந்த வளைவை மாற்றிப் பார்த்து, உதையின் சுபாவமே மாறுகிறது என்று கண்டுகொள்ளும் துப்பாக்கிக் கொல்லர்கள் இன்றும் இருக்கிறார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு விளிம்பை அரம் தொட்ட அளவில், சுடுபவரின் உள்ளங்கைக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது.

கைக்கு வந்து சேரும் செய்தியைப் பற்றிச் சொல்லாமல் எப்படி? ரிவால்வரில் குழலும் ஃபிரேமும் ஒரே உடம்பு. வெடித்த அடுத்த கணமே உந்தம் முழுவதும் கைமேல் வந்து விழும். ஸ்லைடு வைத்த துப்பாக்கியில் அப்படியில்லை. முதலில் உதையை வாங்கிக்கொள்வது ஸ்லைடும் குழலும். அவை தனியாக நழுவி வருவதால், அந்தத் தொடக்கக் கணத்தில் கைக்குத் தெரிவது ஸ்பிரிங்கின் அழுத்தமும் ஹேமரின் எதிர்ப்பும் மட்டுமே. குண்டு வெளியே போன பிறகுதான் கைக்குப் பெரும்பங்கு வந்து சேரும். மாமரத்தில் ஏறிப் பறிக்கிறவர் காயைப் போட, கீழே இருவர் சாக்கை விரித்துப் பிடிப்பார்கள்; காய் விழுந்ததும் சாக்கைச் சற்றே தாழ்த்தி வாங்கினால் காய் அடிபடாது. ஸ்பிரிங் செய்வது அந்தத் தாழ்த்தல். உந்தத்தில் ஒரு துளியும் குறையவில்லை. அது வந்துசேரும் நேரம் மட்டும் நீள்கிறது. கணத்தாக்கு ஒன்றே என்றாலும், நேரம் நீண்டால் விசை தணியும். ஐந்து சென்டிமீட்டர் அளவுக்கு ஓடும் ஸ்லைடின் அந்தச் சின்னஞ்சிறு பாதைதான் மணிக்கட்டுக்குக் கிடைத்த வரம்.

கூர்ந்து உணரத் தெரிந்தவர்கள் உதையை ஒன்றாகச் சொல்லமாட்டார்கள். மூன்றாகப் பிரிப்பார்கள். முதலில் ஸ்லைடு கிளம்பும்போது மெல்லிய தள்ளல். பிறகு ஸ்லைடு பின்னெல்லைக்கு வந்து ஃபிரேமில் முட்டும்போது ஒரு தட்டு. கடைசியில், ஸ்லைடு முன்னே பாய்ந்து மூடும்போது துப்பாக்கியின் மூக்கு லேசாகக் குனிகிறதே, அந்தத் தாழ்வு. ஸ்பிரிங் மெலிதாக இருந்தால் நடுவில் வரும் தட்டு ஓங்கும். ஸ்பிரிங் கடினமாக இருந்தால் தட்டு தணிந்து, கடைசிக் குனிவு கூடும். நல்ல ஸ்பிரிங் இரண்டுக்கும் நடுவில் நின்று, போன மூக்கைச் சரியாகப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்தும். எம்1911-க்கு 16 பவுண்டு ஸ்பிரிங் என்று பழகிப்போன எண் இந்தச் சமநிலையின் பெயர்தான்.

மூக்கு ஏன் மேலே எழுகிறது என்பதையும் பார்த்துவிடலாம். குழலின் அச்சு கைக்கு மேலே இருக்கிறது. உதை அந்த அச்சின் வழியாக வருகிறது; தாங்கும் கை அதற்குக் கீழே. இரண்டுக்கும் இடையே உள்ள உயரமே திருப்புவிசைக்கு நெம்புகோல். உயரம் குறைந்தால் துள்ளலும் குறையும். அதனால்தான் பயிற்சி தருகிறவர்கள் கையை முடிந்தவரை மேலே ஏற்றிப் பிடிக்கச் சொல்வது. எம்1911-இல் மேலே ஏற்றிப் பிடித்த சிலருக்குக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே உள்ள மெல்லிய சதையை, பின்னே சாயும் ஹேமர் கிள்ளிவிடும். 1920-களில் எம்1911ஏ1 வடிவம் வந்தபோது, கைப்பிடியின் பின்பக்க நாக்கை நீளமாக்கி அந்தச் சதைக்கு ஒரு கூரை போட்டார்கள். பிறகு 1950-களில் சோவியத் ஒன்றியத்தில் குழலைக் கீழே இறக்கித் தலைகீழாகவே ஒரு போட்டித் துப்பாக்கி செய்தார்கள். அறிவுக்கு அது சரிதான். ஆனால் என் கண்ணுக்கு, உதையை ஒழிக்கப் பார்த்த அந்தத் தந்திரத்தைவிட, உதையோடு பழகி அதை இணங்கவைத்த பிரவுனிங்கின் வழியே அழகு.

அவர் 1926-இல் ஏர்ஸ்டால் ஆலையிலேயே உயிர்விட்டார். முடிக்காமல் விட்ட கடைசித் துப்பாக்கியை அதே ஆலையின் தியூதோன்னே செவ் எடுத்துச் செம்மையாக்க, அது 1935-இல் ஹை-பவர் என்று வெளிவந்தது. அதில் லிங்க்கூட இல்லை. குழலின் அடியிலேயே சாய்வான ஒரு பாதையை வெட்டி, ஊசி அந்தப் பாதையில் வழுக்கும்போது குழல் இறங்கும்படி செய்துவிட்டார்கள். ஆடும் பாகம் ஒன்று குறைந்தது. அதே வில், அதே பொறுமை, இப்போது எஃகிலேயே செதுக்கியது. மேற்கு வங்கத்தின் ஈசாப்பூர் ஆலையில் செய்த, நம் ராணுவத்தினர் பல்லாண்டுகள் இடுப்பில் சுமந்த 9 மில்லிமீட்டர் பிஸ்டல் இந்த ஹை-பவரின் வாரிசுதான். 1982-இல் ஆஸ்திரியாவில் பிறந்த குளோக், உலோகத்துக்குப் பதில் பாலிமர் ஃபிரேம் கொண்டது. புதுமை என்று எல்லோரும் கொண்டாடினார்கள். உள்ளே பிரவுனிங்கின் சாயும் குழல் அப்படியே இருக்கிறது. உதை வரும்போது அந்த பாலிமர் லேசாக வளைந்து கொடுப்பது மட்டும் புதிய நளினம்.

நம் ஊர்க் கண்களுக்கு உதையின் அழகைக் காட்டித்தரும் நல்ல இடம் 25 மீட்டர் பிஸ்டல் போட்டி. அதில் சுடுவது .22 தோட்டா, குண்டு 2.6 கிராம்தான், உந்தம் .45-இல் ஐந்தில் ஒரு பங்கு அளவு. பூட்டு தேவையில்லை, பிரவுனிங்கின் 1900-ஆம் ஆண்டுத் துப்பாக்கியில் இருந்த அதே எளிய ஸ்லைடு எடையே போதும். ஆனால் ஆண்களுக்கான விரைவுப் போட்டியின் மிகக் கடுமையான சுற்றில், நான்கே நொடிக்குள் ஐந்து இலக்குகளில் ஐந்து குண்டுகள் சுட வேண்டும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தப் போட்டியில்தான் இந்திய ராணுவத்தின் விஜய் குமார் வெள்ளி வென்றார். ஒவ்வொரு குண்டுக்கும் இடையே மூக்கு எழுந்து, இறங்கி, அடுத்த இலக்குக்குப் பக்கவாட்டில் நகர்ந்து, மறுபடி நிலைகொள்ள ஒரு நொடிகூடக் கிடைக்காது. அத்தனை மெல்லிய உதையும் அங்கே மலையளவு. கை அதை எதிர்த்துப் போராடுவதில்லை. எழவிட்டு, அது தானாக இறங்கும் இடத்தில் அடுத்த இலக்கை வைத்துக்கொள்கிறது.

அடுத்த ஒலிம்பிக்கில் 25 மீட்டர் போட்டி ஒளிபரப்பாகும்போது, ஒரே ஒரு சுற்று மதிப்பெண் பலகையை மறந்துவிடுங்கள். வீரரின் மணிக்கட்டையும் துப்பாக்கியின் மூக்கையும் மட்டும் பாருங்கள். எழுவதைப் பார்க்காதீர்கள், அது எல்லோருக்கும் எழும். இறங்கி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பதக்கம் யாருக்கு என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.